பள்ளிக்கூடம் எத்தனை கட்டை?

அம்பாறைக் கரையில் யாரோடு சுனாமியைப் பற்றிப் பேசினாலும், போன உயிர்களைச் சொல்லி முடித்த பிறகு போன பொருட்களின் வரிசையில் சைக்கிளும் வரும். வீடு, வள்ளம், வலை, சைக்கிள். 2004 டிசம்பர் 26 காலையில் இலங்கையில் அதிக உயிர்களைப் பறிகொடுத்த மாவட்டம் இதுதான், பத்தாயிரத்துக்கும் மேல். தப்பியவர்கள் முகாம்களில் இருந்தார்கள். வேலையும் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் வேறு வேறு இடங்களில் இருந்தன. இடையில் கிடந்த தூரத்தை நடந்தே கடந்தார்கள்.

அந்தத் தூரத்தைக் கவனித்தவர்களில் ஓர் அமெரிக்கத் தம்பதியும் உண்டு. எஃப். கே. டே, சைக்கிள் பாகங்கள் செய்யும் ஸ்ராம் நிறுவனத்தை 1987இல் சிகாகோவில் தொடங்கியவர்களில் ஒருவர். லியா மிஸ்பாக் டே புகைப்படக் கலைஞர். சுனாமிக்குப் பிறகு இலங்கைக்கு வந்த இருவரும், நிவாரணத்தோடு சைக்கிளும் கொடுக்கவேண்டும் என்று முடிவெடுத்து 2005இல் ஆரம்பித்ததுதான் வேர்ல்ட் பைசிக்கிள் ரிலீஃப். வேர்ல்ட் விஷன் தொண்டு நிறுவனத்தோடு சேர்ந்து இந்தத் தீவில் 24,000க்கும் அதிகமான சைக்கிள்களைக் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டே சாம்பியாவுக்குப் போனார்கள். பிறகு கென்யா, மலாவி, சிம்பாப்வே என்று பரவினார்கள். இன்றைக்கு ஆபிரிக்கக் கிராமங்களோடு மட்டும் சேர்த்துப் பேசப்படும் அந்த அமைப்பு பிறந்தது நம்முடைய சுனாமிக் கரையில் என்பது இங்கே பலருக்குத் தெரியாது.

நாங்கள் போன சைக்கிள் பயணத்துக்கும் அந்த அமைப்புக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. நாங்கள் சில நண்பர்கள். மட்டக்களப்பில் கணிதம் படிப்பிக்கும் ஓர் ஆசிரியர், வவுனியாவில் வேலை செய்யும் ஒரு தாதி, ரொறன்ரோவிலிருந்து லீவில் வந்த இரண்டு பேர், வடமராட்சிக்காரனான நான். முல்லைத்தீவு மாவட்டத்தின் உள்ளே, ஒட்டுசுட்டானுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றின் பிள்ளைகளுக்குச் சைக்கிள் வாங்கக் காசு சேர்ப்பது நோக்கம். கிலோமீற்றருக்கு இவ்வளவு என்று தெரிந்தவர்களிடம் வாக்கு வாங்கினோம். பொத்துவிலில் தொடங்கிக் கிழக்குக் கரை வழியே திருகோணமலை, அங்கிருந்து வவுனியா, பிறகு ஏ9 பாதையில் மாங்குளம், அங்கே கிழக்கே திரும்பினால் ஒட்டுசுட்டான். ஏறக்குறைய 400 கிலோமீற்றர்.

“காசைச் சும்மா சேர்க்கலாமே, எதுக்கு வெயிலில உழக்கிறியள்?” என்று வீட்டில் கேட்டார்கள். வேர்வை சிந்துகிறவனுக்குத்தான் ஊர் காசு கொடுக்கும் என்பது ஒரு பதில். எனக்கு அதைவிடப் பெரிய காரணம் இருந்தது. பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுக்கப்போகும் அதே வகைச் சைக்கிளில், அதே மாதிரியான தெருக்களில், நானே உழக்கிப் பார்க்கவேண்டும். அதனால் பாணந்துறைத் தொழிற்சாலையில் செய்த ஒரு லுமாலா வாங்கினேன். கியர் இல்லை. இரும்புச் சட்டம், கரியர், மட்காட், செயின் கவர். ரொறன்ரோக்காரர் இருவரும் ஒற்றைக் கையால் தூக்கக்கூடிய மெல்லிய பந்தயச் சைக்கிள்களில் வந்தார்கள். ஒட்டுசுட்டான் பிள்ளை புத்தகப் பையையும் தம்பியையும் ஏற்றிக்கொண்டு போக வேண்டியது என்னுடையதைப் போன்ற சைக்கிளில்தான்.

ஆனி மாதம். கிழக்குக் கரையில் இது கச்சான் காற்றுக் காலம். மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு, வரண்டு, சூடேறிக் கரைக்கு இறங்கும் காற்று. வடக்கு நோக்கிப் போகிறவனுக்கு இடது கன்னத்தில் நாள் முழுக்க அடிக்கும். பொத்துவில் தாண்டிக் கோமாரி வரைக்கும் பற்றைக் காடும் களப்பும்தான். காற்றை மறிக்க ஒன்றும் இல்லை. திருக்கோவிலில் சித்திரவேலாயுதர் கோயிலடியில் இளைப்பாறினோம். கோயிலுக்குப் பின்னால் கடல் இரைந்துகொண்டிருந்தது. தம்பிலுவில், அக்கரைப்பற்று. அதற்குப் பிறகு ஊருக்கும் ஊருக்கும் இடையில் வெளி குறைந்துபோகிறது: அட்டாளைச்சேனை, ஒலுவில், நிந்தவூர், காரைதீவு, சாய்ந்தமருது, கல்முனை, பாண்டிருப்பு, மருதமுனை. தமிழ் ஊர், முஸ்லிம் ஊர், மறுபடி தமிழ் ஊர். கோயில் மணி ஓயுமுன் பாங்கு கேட்கும்.

காரைதீவில் விபுலாநந்த அடிகள் பிறந்தது 1892இல். யாழ் நூல் எழுதியவர் என்றே அவரைக் கொண்டாடுகிறோம். கிழக்கில் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக அலைந்து, கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை எழுப்பியவர் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். பள்ளிக்கூடம் பிள்ளைக்குக் கிட்ட இருக்கவேண்டும் என்ற கவலை இந்த மண்ணில் பழையது.

அந்தக் கவலை இன்னும் தீரவில்லை. இலங்கையில் அரச பாடசாலைகளை வகை பிரித்திருக்கிறார்கள். உயர்தரத்தில் விஞ்ஞானம், கணிதம் உட்பட எல்லாப் பிரிவும் இருந்தால் 1ஏபி. கலை, வர்த்தகம் மட்டும் என்றால் 1சி. பதினோராம் வகுப்போடு நின்றால் இரண்டாம் வகை. அதற்கும் கீழே சிறுவர் பாடசாலைகள். நகரத்தில் இருப்பவர்களுக்கு இந்த எழுத்துக்கள் வெறும் நிர்வாகச் சொற்கள். வன்னியிலும் மட்டக்களப்பின் படுவான்கரையிலும் ஒரு பிள்ளை டொக்டராவதா இல்லையா என்பதை இவை ஓ.எல். பரீட்சை முடிந்த மாதமே தீர்மானித்துவிடும். விஞ்ஞானப் பிரிவு உள்ள பள்ளிக்கூடம் பதினைந்து கிலோமீற்றருக்கு அப்பால். காலையில் ஒரே ஒரு பஸ். அதுவும் நிரம்பி வந்தால் நிற்காது. கெட்டிக்காரப் பிள்ளை பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் இருக்கும் கலைப்பிரிவில் சேர்ந்துவிடும். கலை படிப்பது தாழ்வல்ல. ஆனால் பிள்ளை விரும்பித் தேர்ந்த பாடமாக அது இருக்கவேண்டும். தூரத்துக்குப் பயந்து எடுத்த பாடமாக இருக்கக்கூடாது. பதினைந்து கிலோமீற்றரைச் சைக்கிள் முழுதாகத் தீர்க்காது என்பதும் எனக்குத் தெரியும். அது நாலிலிருந்து எட்டுக் கிலோமீற்றர் வரைக்குமான தூரத்தின் வாகனம். வன்னிப் பிள்ளைகளில் பலர் நடப்பது அந்தத் தூரம்தான்.

மட்டக்களப்பு வாவி தெற்கு வடக்காக 56 கிலோமீற்றர் நீளம். கடல் பக்கம் எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. பிரதான வீதி, ஆஸ்பத்திரி, பெரிய பள்ளிக்கூடங்கள், ரியூசன் கொட்டில்கள் எல்லாம் எழுவான்கரையில். நெல் விளைவது படுவான்கரையில். எங்கள் கணித ஆசிரியருக்கு அந்தப் பக்கத்தைக் காட்டியே தீரவேண்டும் என்ற பிடிவாதம். குருமண்வெளியில் இறங்கிச் சைக்கிள்களோடு பாதையில் ஏறினோம். பாதை என்றால் இங்கே நீரில் மிதக்கும் தட்டுத்தான். அதில் மனிதர், மோட்டார் சைக்கிள், நெல் மூட்டை எல்லாம் ஏறி அக்கரையில் மண்டூரில் இறங்கும். வடக்கே மண்முனையில் 2014இல் பாலம் வந்துவிட்டது. இங்கே இன்னும் பாதைதான்.

மண்டூர் முருகன் கோயிலைக் கடந்து உள்ளே போகப் போகத் தார் தேய்ந்து கிரவல் வந்தது. கிரவல் தெருவில் மெல்லிய சில்லுகள் படும் பாட்டை ரொறன்ரோ நண்பர்கள் அன்றைக்குக் கண்டார்கள். வயல் ஓரத்து வீடொன்றில் தண்ணீர் கேட்டு நின்றபோது ஒரு அம்மம்மா செம்போடு வந்தார். பேத்தி பத்தாம் வகுப்பு. பள்ளிக்கூடம் எத்தனை கட்டை, அதாவது எத்தனை மைல், என்று கேட்டேன்.

“மூணு கட்டைக்கு மேல வரும் மனே. விடியக்காலம அஞ்சு மணிக்கு வெளிக்கிடணும். றோட்டுல யானை நிண்டா அண்டைக்குப் பிள்ளை போகாது.”

சைக்கிள் இருந்தால் மட்டும் யானைக்குப் பயப்படாமல் போகமுடியுமா என்று எங்கள் தாதி அக்கா கேட்டார்.

“நடந்து போறதெண்டாத்தானே மகள் இருட்டுல வெளிக்கிடணும்? சைக்கிள் எண்டா விடிஞ்சாப்போலையும் போகலாம். யானை அப்ப காட்டுக்குள்ள போயிரும்.”

சைக்கிளால் நேரம் மிச்சம் என்று எத்தனையோ அறிக்கைகளில் வாசித்திருக்கிறேன். மிச்சமாகும் அந்த அரை மணித்தியாலம் இருட்டிலிருந்து வெளிச்சத்துக்குப் பெயர்கிறது என்பதை எந்த அறிக்கையும் எனக்குச் சொல்லவில்லை. யானையைப் பற்றி அவர் சொன்னதைத் தனி வழியில் நடக்கும் பெண்பிள்ளைக்கு மனிதரால் வரும் பயத்துக்கும் பொருத்திப் பார்க்கலாம். அம்மம்மா அதையும் நினைத்தே சொன்னார் என்று அவர் முகத்தைப் பார்த்த தாதி அக்கா பிறகு சொன்னார்.

மட்டக்களப்பில் தங்கி, வாழைச்சேனை தாண்டி, வாகரைக்குப் போகும் தெருவில் கதிர்காம யாத்திரைக்காரரைச் சந்தித்தோம். தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியில் வேலோடு புறப்பட்டு, முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு, பொத்துவில் என்று கரை நெடுக நடந்து, உகந்தையில் காட்டுக்குள் இறங்கிக் கதிர்காமக் கொடியேற்றத்துக்குப் போய்ச் சேர்கிறவர்கள். நாங்கள் வடக்கே, அவர்கள் தெற்கே. நாங்கள் கடந்துவந்த தெருவை எங்களைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் அவர்கள். எந்த ஊரில் கிணறு உவர், எந்த வளைவில் நிழல், எந்த மடத்தில் இரவு சோறு எல்லாம் அவர்களிடம் கேட்கலாம். காவி உடுத்த பெரியவர் ஒருவர் எங்கள் கூட்டத்தை மறித்து எதற்காக ஓடுகிறோம் என்று விசாரித்தார். சொன்னோம். மடியிலிருந்து நூறு ரூபாய் எடுத்து என் கையில் வைத்தார். யாத்திரைக்காரரிடம் காசு வாங்க மனம் வரவில்லை, மறுத்தேன். “பிச்சை எடுத்துத்தான் நானும் போறன் தம்பி. ஆரோ தந்தது. நீங்களும் வாங்கித்தான் குடுக்கிறியள். பிடியுங்கோ” என்றார். வாங்கிக்கொண்டேன். எங்கள் கணக்குப் புத்தகத்தில் அந்த நூறு ரூபாய்க்கும் ஒரு வரி இருக்கிறது.

வாழைச்சேனையிலிருந்து திருகோணமலை வரைக்குமான பாதை ஒரு காலத்தில் நீராலும் பிறகு போராலும் துண்டு துண்டாகக் கிடந்தது. பனிச்சங்கேணியில் களப்பு, வெருகலில் மகாவலியின் கிளை, கிண்ணியாவில் கடல் கைநீட்டி உள்ளே வந்த இடம். இன்றைக்கு எல்லாவற்றுக்கும் பாலம். 2009இல் திறந்த கிண்ணியாப் பாலம் 396 மீற்றர். திறந்தபோது நாட்டிலேயே நீளமான பாலம். அதன் உச்சியில் நின்று இருபக்கமும் பார்த்தால் நெஞ்சு விரியும். போர்க்காலத்தில் இந்த மக்கள் பட்ட அலைச்சலை அறிந்தவர்கள் இந்தப் பாலங்களைக் குறை சொல்ல மாட்டார்கள்.

குறை பாலத்தில் இல்லை, வீதியின் ஓரத்தில் இருக்கிறது. வீதிக்குக் காபட் போட்டார்கள். வாகனங்களின் வேகம் கூடியது. சைக்கிளுக்கென்று ஒதுக்கிய பட்டை பல இடங்களில் ஒரு முழம் கூட இல்லை. பின்னால் வான் ஹோர்ன் அடித்தால் காபட்டிலிருந்து கிரவலுக்கு இறங்கவேண்டும். இடையில் நாலு அங்குலப் பள்ளம். வெள்ளைச் சீருடைப் பிள்ளைகள் இரண்டு இரண்டாக அந்த விளிம்பில் போய்க்கொண்டிருந்ததைப் பார்த்தபோது, சைக்கிளோடு பின்பக்க ஒளித்தட்டும் முன் லைற்றும் கட்டாயம் கொடுக்கவேண்டும் என்று அன்றிரவே முடிவெடுத்தோம். வீதி அதிகாரிகளிடம் போய்க் கேட்கவேண்டியது அதைவிடப் பெரிய வேலை. பிள்ளைக்குச் சைக்கிளைக் கொடுத்து, ஓட இடம் கொடுக்காமல் விடுகிற நாட்டில் நன்கொடையாளரும் பேசாமல் இருந்துவிடக் கூடாது.

கிண்ணியாவில் என் பின்சில்லு ஆடத் தொடங்கியது. சந்தியில் ஒரு சைக்கிள் கடை. தகரக் கூரை, வாசலில் தொங்கும் பழைய ரியூப்கள், ஒட்டுப் பார்க்கத் தண்ணீர் நிரம்பிய தாச்சி. கடைக்கார நானாவுக்கு அறுபது தாண்டியிருக்கும். சில்லைக் கழற்றிச் சுழற்றிவிட்டு, ஆட்காட்டி விரலை ரிம்முக்குப் பக்கத்தில் பிடித்து, எங்கே விரலில் உரசுகிறது என்று பார்த்து, கம்பி கம்பியாக இறுக்கினார். கருவி எதுவும் வைத்து அளக்கவில்லை. வேலை நடக்கும்போதே நாங்கள் வந்த காரியத்தைக் கேட்டுக்கொண்டார்.

“குடுக்கிற நல்லந்தான் மகன். சுனாமிக்குப் பிறகும் இஞ்ச நிறையக் குடுத்தாங்க. முதல் செயின் இளகும். பிறகு பிறேக் கட்டை தேயும். பிறகு ரயர். சாமானுக்குக் காசில்லாட்டி வீட்டுக்குப் பின்னால சாத்தி வெச்சிருவாங்க. கோழி அடைகாக்கும்.”

அவர் சிரிக்கவில்லை. அவர் சொன்னது சைக்கிள் அறப்பணியில் எல்லோரும் மோதிக்கொள்ளும் சுவர். வேர்ல்ட் பைசிக்கிள் ரிலீஃப் சாம்பியாவில் சுகாதாரத் தொண்டர்களுக்குச் சைக்கிள் கொடுக்கப் போனபோது சந்தையில் கிடைத்த சைக்கிள்கள் அந்தத் தெருக்களையும் சுமையையும் தாங்கவில்லை. அதனால் தாங்களே ஒன்றை வடிவமைத்தார்கள். பஃபலோ என்று பெயர். எடை சுமார் 23 கிலோ. பின் கரியர் 100 கிலோ தாங்கும். பெடலைப் பின்னோக்கி உழக்கினால் சில்லின் குடத்துக்குள்ளேயே பிறேக் பிடிக்கும். மழையும் சேறும் அதைத் தொடாது, அடிக்கடி மாற்றவேண்டிய கட்டைகளும் இல்லை. உதிரிப்பாகம் எல்லாம் ஒரே அளவு. கூடவே ஊர் ஊராக ஆட்களைப் பிடித்துத் திருத்த வேலை பழக்கி, கருவிப்பெட்டி கொடுத்து, உதிரிப்பாகம் விற்கும் கடைகளையும் திறந்தார்கள். அந்த அமைப்பின் உண்மையான சாதனை இந்தப் பின் வரிசைதான் என்று நான் நினைக்கிறேன். சைக்கிள் எண்ணிக்கை படத்துக்கு அழகாக வரும். பதினெட்டு மாதத்துக்குப் பிறகு அதில் எத்தனை ஓடுகின்றன என்ற கேள்விக்குப் பதில் திருத்துகிறவரின் கையில் இருக்கிறது.

நானா காசு வாங்க மறுத்தார். ஒரு சோடி பிறேக் கட்டையும் எட்டுக் கம்பியும் பொட்டலமாகக் கட்டித் தந்து, “அந்தப் பிள்ளையளுக்கு” என்றார். அன்றிரவு திருகோணமலையில் நாங்கள் உட்கார்ந்து கணக்கை மாற்றி எழுதினோம். சேரும் காசில் நாலில் ஒரு பங்கு சைக்கிளுக்கு இல்லை. உதிரிப்பாகம், கருவிகள், ஓர் இளைஞனுக்குத் தொழில் பழக்கும் செலவு. இதனால் கொடுக்கும் சைக்கிள்களின் எண்ணிக்கை குறையும். ரொறன்ரோவில் காசு தந்த சிலர் இதை விரும்பவில்லை. எண்ணிக்கையைச் சொல்லித்தான் அவர்கள் மற்றவர்களிடம் கேட்டிருந்தார்கள். நண்பர் ஒருவர் நள்ளிரவு தாண்டியும் தொலைபேசியில் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். எல்லோரும் கடைசியில் ஒத்துக்கொண்டார்கள்.

கன்னியா வெந்நீரூற்றுத் தாண்டினால் கடற்காற்றுச் செத்துவிடும். ஹொரவப்பொத்தானை ஊடாக வவுனியா வரைக்கும் வரண்ட நிலம், குளங்கள், வெயில். சிங்களக் கிராமத்துக் கடையொன்றில் இளநீர் குடித்தோம். அங்கேயும் வாசலில் சாத்தியிருந்தது லுமாலாதான், கரியரில் நெல் உமிச் சாக்கு. வேறு சொல்ல ஒன்றும் இல்லை.

ஏ9 பாதையில் ஏறியதும் என்னால் பேசாமல் உழக்க முடியவில்லை. 1990இல் இந்தப் பாதை மூடப்பட்டு, யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை வந்தபோது நான் சிறுவன். பெற்றோல் இல்லை, பற்றறி இல்லை, மின்சாரம் இல்லை. ஐந்து ஆண்டுகள் ஒரு குடாநாடு முழுவதும் சைக்கிளில் ஓடியது. பிரசவ வலி கண்ட பெண்ணைக் கரியரில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். சவப்பெட்டி சைக்கிளில் போனது. விறகு, மண்ணெண்ணெய், மரக்கறி, ஆடு எல்லாம் சைக்கிளில். கிளாலிக் கடலில் இரவில் வள்ளம் ஏறியவர்கள் சைக்கிளையும் வள்ளத்தில் ஏற்றினார்கள், அக்கரையில் இறங்கி மிச்சத் தூரத்தை உழக்குவதற்காக. எங்கள் வீட்டு முற்றத்தில் அப்பா ரலி சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்தி, டைனமோவிலிருந்து வயர் இழுத்து ரேடியோவில் பூட்டுவார். மாலைச் செய்திக்கு அண்ணாவும் நானும் முறை வைத்துப் பெடலைக் கையால் சுற்றுவோம். கை ஓய்ந்தால் குரலும் ஓயும். ஊரே அந்த முற்றத்தில் கூடிச் செய்தி கேட்கும். அந்த ஐந்து ஆண்டுகளில் பள்ளிக்கூடங்கள் நின்றுவிடாமல் நடந்ததற்கு ஆசிரியர்களின் வைராக்கியத்துக்கு அடுத்தபடி சைக்கிளைத்தான் நான் சொல்வேன்.

ஓமந்தை, புளியங்குளம், கனகராயன்குளம். 2009இல் இந்த நிலத்து மக்கள் கிழக்கே கடலை நோக்கித் தள்ளப்பட்டபோது சைக்கிளில்தான் சட்டி பானையைக் கட்டிக்கொண்டு ஓடினார்கள். இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து கடைசியில் நந்திக்கடல் பக்கத்தில் எல்லாவற்றையும் போட்டுவிட்டு உயிரை மட்டும் கொண்டுவந்தார்கள். போர் முடிந்த பிறகு புதுக்குடியிருப்புக்கும் முள்ளிவாய்க்காலுக்கும் இடையில் துருப்பிடித்த சைக்கிள்கள் குவிந்து கிடந்ததைக் கண்டவர்கள் மறக்கமாட்டார்கள். ஒவ்வொன்றும் ஒரு வீட்டினுடையது. 2022இல் நாடு எரிபொருள் இல்லாமல் நின்றபோது தெற்கில் சைக்கிள் புது நாகரிகமாகப் பேசப்பட்டது, விலை எகிறியது. வன்னியில் கூலிக்குப் போகும் தாய்க்கு அந்த விலை எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. இப்போது கொடுக்கவேண்டிய அவசரம் அதனால்தான்.

மாங்குளத்தில் கிழக்கே திரும்பினோம். காடு, இடையிடையே வயல், ஒட்டுசுட்டான் தான்தோன்றீச்சரம். பள்ளிக்கூடம் முத்தையன்கட்டுக்குப் போகும் பக்கம்.

அதிபர் எங்களுக்கு முன்பே ஒரு பட்டியல் வைத்திருந்தார். நாலு கிலோமீற்றருக்கு அப்பாலிருந்து நடந்து வருகிறவர்கள். அதிலும் பெண்பிள்ளைகள் முதலில். இதில் எங்களுக்குள் விவாதம் வந்தது. ஆண்பிள்ளையும் அதே தூரம் நடக்கிறானே என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் தூரம் காரணமாகப் படிப்பை நிறுத்தும் முடிவு வீட்டில் எடுக்கப்படும்போது முதலில் நிறுத்தப்படுவது பெண்பிள்ளைதான். சாம்பியாவில் நூறு பாடசாலைகளில் நடந்த ஆய்வொன்று, சைக்கிள் கிடைத்த மாணவிகளின் பயண நேரம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்ததையும், பிந்தி வருவது மூன்றில் இரண்டு பங்கு குறைந்ததையும், பள்ளிக்கூடம் வராமல் நிற்பது கால்வாசிக்கு மேல் குறைந்ததையும் கண்டது. பீகாரில் 2006இல் ஒன்பதாம் வகுப்பு மாணவிகளுக்குச் சைக்கிள் வாங்க அரசு காசு கொடுத்த பிறகு, உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்பிள்ளைகளின் வீதம் 32 சதவீதம் கூடியது என்று கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் கணக்கிட்டார்கள். தமிழ்நாட்டிலும் விலையில்லாச் சைக்கிள் 2001இல் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவிகளிடமிருந்துதான் தொடங்கியது. பிறகுதான் மற்ற எல்லோருக்கும் வந்தது.

அதற்கும் முன்னால் புதுக்கோட்டை இருக்கிறது. 1991இல் அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தோடு சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிள் பழக்கும் வேலையை மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் முன்னெடுத்தார். கல்குவாரிப் பெண்கள், விவசாயக் கூலிகள், அங்கன்வாடிப் பணியாளர்கள் என்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் பழகினார்கள். பெண்கள் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது பார் வைத்த ஆண்கள் சைக்கிளையே வாங்கினார்கள். பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்பது கூடுதல் வசதி. அங்கே யாரும் இலவசமாகச் சைக்கிளைக் கொண்டுவந்து கையில் திணிக்கவில்லை. ஓடத் தெரிந்த பெண்ணே தனக்கு வேண்டியதைத் தேடிக்கொண்டாள். எங்கள் பட்டியலிலும் ஓடத் தெரியாத பிள்ளைகள் ஒன்பதாம் வகுப்பில் சிலர் இருந்தார்கள். தாதி அக்கா ஒரு பின்னேரம் முழுக்க மைதானத்தில் அவர்களின் சீற்றைப் பிடித்துக்கொண்டு ஓடினார்.

சைக்கிளில் உபயகாரர் பெயர் எழுதக் கூடாது என்பதில் நான் உறுதியாக நின்றேன். யாரோ இறந்த தாத்தாவின் நினைவாக என்று பெயின்ற் அடித்த சைக்கிளில் ஒரு பிள்ளை மூன்று வருடம் ஊர் நடுவே போய்வர வேண்டும் என்று யாரும் கேட்க உரிமை இல்லை. மேடை, மாலை, படம் எதுவும் வைக்கவில்லை. சாம்பியாவில் செய்வதைப் போல, பெற்றோரோடு ஓர் உடன்படிக்கை மட்டும் எழுதினோம்: சைக்கிள் பிள்ளையுடையது, அப்பா வயலுக்குக் கொண்டுபோகலாம், பள்ளிக்கூட நேரத்தில் இல்லை, பிள்ளை படிப்பை முடித்தால் அது வீட்டுக்கே சொந்தம். பொறுப்புக்கு அதிபர், இரண்டு தாய்மார், ஒரு மாணவி. ஒரு தகப்பன் கைநாட்டு வைத்துவிட்டு, பின்னேரம் தோட்டத்துக்குத் தண்ணி இறைக்கப் போகலாம்தானே என்று திரும்பக் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார். போகலாம். வீட்டுக்கும் பயன்பட்டால்தான் வீடு அதைக் காப்பாற்றும்.

திருத்த வேலை பழக ஊர்ப் பெடியன் ஒருவன் வந்தான். ஒரு காலில் ஷெல் காயத்தின் வடு. உட்கார்ந்து செய்யும் வேலை அவனுக்குத் தோதானது. மாங்குளத்தில் உள்ள கடையொன்றில் ஆறு மாதம் நின்று பழக ஏற்பாடு. கருவிப்பெட்டி, உதிரிப்பாகங்கள், கிண்ணியா நானாவின் பொட்டலம் எல்லாவற்றையும் அவன் பெயரில் எழுதி அதிபரின் அறையில் வைத்தோம். நின்று அடிக்கும் பம் ஒன்றைப் பள்ளிக்கூட வாசலில் சங்கிலியால் கட்டினோம்.

உயர்தரத்தில் படிக்கும் மாணவி ஒருத்தி அந்தப் பம்மைச் சுற்றிப் பார்த்துவிட்டு எங்களிடம் வந்தாள்.

“சேர், பம்மைப் பள்ளிக்கூடத்தில கட்டினா லீவு நாளில என்ன செய்யிறது? காத்துப் போனா சைக்கிளை அஞ்சு கிலோமீற்றர் உருட்டிக்கொண்டு வந்து இஞ்சதான் அடிக்கோணும். எங்கட குளத்தடிக் கடையில ஒண்டு வச்சா நாலு ஊருக்கும் கிட்ட. கடைக்கார அம்மா பாத்துக்கொள்ளுவா.”

எந்தக் கடை, எந்த நாலு ஊர் என்று கொப்பித் தாளில் வரைந்தும் காட்டினாள். அவள் வரைந்தபடி கணித ஆசிரியர் தூரங்களைக் கூட்டிப் பார்த்தார். இன்னொரு கடை வாய்க்கால் முடிவில் இருந்தால் மற்றப் பக்கத்துப் பிள்ளைகளுக்கும் எட்டும் என்று அவளே சொன்னாள். மறுநாள் காலையில் முல்லைத்தீவுக்குப் போய் இன்னும் இரண்டு பம் வாங்கி வந்தோம். ஒன்று குளத்தடிக் கடையில், ஒன்று வாய்க்கால் முடிவில். ஒட்டுப் போடும் பசையும் ரியூப் துண்டும் ஒவ்வொரு கடையிலும் வைத்து, தீர்ந்தால் யாருக்குச் சொல்வது என்று சுவரில் எழுதிவிட்டுப் புறப்பட்டோம்.